கனவு இல்லத்துக்கு 500 ரூபாயா? கட்டாதீர்கள்

‘கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் எல்லோருக்கும் 3.5 லட்சம் ரூபாய். 500 ரூபாய் கட்டிப் பெயர் கொடுங்கள்’ என்று திருநெல்வேலியில் மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 500 ரூபாய் சின்னப் பணமில்லை, தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வீடு கட்டத் தமிழக அரசு தரும் தொகை 3.5 லட்சம் என்பது மட்டும் சரி. ஆனால் 2024இல் வந்த இந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளில் குடிசையில் இருப்பவர்களுக்கானது. சொந்த இடம் வேண்டும். 360 சதுர அடி வீடு. வேலை நடக்க நடக்கத் தொகை தவணையாக வரும். மானூர், பாப்பாக்குடி ஒன்றியத்துக்காரர்கள் ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். திருநெல்வேலி மாநகராட்சிக்குள் இது கிடையாது.

அப்புறம் நகரத்து ஏழைக்கு? 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இருக்கிறது. அங்கே வீடு பெறுபவர் தன் பங்காகக் கட்டும் பயனாளி பங்குத்தொகை உண்டு; அதை வாரியத்துக்குத்தான் கட்ட வேண்டும், தெருவில் வந்து கேட்பவர் கையில் அல்ல.