போரோபுதூர் நுழைவுச்சீட்டில் எதுவெல்லாம் அடங்காது

சில நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை விரிவாக விவரிக்கப் போவதில்லை. நம்மூர்ப் பயணக் காணொளியாளர், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் பழைய பௌத்தக் கோயிலான போரோபுதூரின் மேல்தளத்தில், உள்ளே புத்தர் சிலை இருக்கும் மணிவடிவக் கல் தூபிக்குள் கையை விட்டதையும், தடுத்த வழிகாட்டியிடம் "காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்" என்று மல்லுக்கு நின்றதையும் பார்த்துவிட்டுச் சிரிப்புக்குறி இட்டவர்களில் நான் மதிக்கும் நண்பர்கள் பலரும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காசு கொடுத்தார், சரி. வெளிநாட்டவர் மேலே ஏற 455,000 ரூபியா, நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிறது. அந்தப் பணம் ஒரு வழிகாட்டியின் துணையோடு, குறிப்பிட்ட நேரம் வரை, ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவதற்கு மட்டுமே. தொடுவதற்கும் சாய்வதற்கும் தூபியின் மேல் உட்காருவதற்கும் அங்கே யாரும் சீட்டு விற்கவில்லை. கொரோனாவில் மூடிய மேல்தளங்களை 2023-இல் மறுபடி திறந்தபோது நாளொன்றுக்கு 1,200 பேர் என்று வரம்பு வைத்தார்கள். ஏற விடாமலே இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது. ஏற விட்டதே சலுகை.

ஜாவாவை ஆண்ட சைலேந்திர மன்னர்கள் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், எரிமலைக் கல்லை அடுக்கி எழுப்பிய கட்டடம் அது. 1973 முதல் 1983 வரை நடந்த சீரமைப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி அதே இடத்தில் பொருத்தினார்கள். இருந்த 504 புத்தர் சிலைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவை சிதைந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலையே இல்லை. 43 சிலைகளைக் காணவே காணோம். இவ்வளவும் போக மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

நான் அங்கே அம்மாவோடு போயிருந்தேன். ஏறுவதற்கு முன் நம் செருப்பைக் கழற்றச் சொல்லி, தாழை ஓலையில் முடைந்த 'உபானத்' என்ற மெல்லிய காலணியைக் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தவர் முடைவது அது. கோயிலின் அடித்தளச் சிற்பம் ஒன்றில் இருக்கும் காலணியைப் பார்த்து வடிவமைத்ததாம். கால்பட்டுக் கால்பட்டுப் படிக்கற்கள் நடுவில் குழிந்துபோனதால் வந்த ஏற்பாடு. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி இருக்கிற இடத்தில் செருப்போடு ஏறச் சொல்கிறானே இந்தத் தம்பி" என்று என்னிடம் முறையிட்டார். கல் தேயாமல் இருக்கத்தான் என்று விளக்கியதும், குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகு போட்டுக்கொண்டார். அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு விளக்கத்துக்காக விட்டுக்கொடுக்க அவரால் முடிந்தது. இத்தனை நாடு சுற்றிய காணொளியாளருக்கு ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ள முடியவில்லை.

"அது வழிபாடு நின்றுபோன இடம், வெறும் அருங்காட்சியகம்" என்று காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். ஆண்டுதோறும் வைகாசிப் பௌர்ணமியன்று பக்கத்து மெண்டுட் கோயிலிலிருந்து பாவோன் கோயில் வழியாகப் போரோபுதூர் வரை பிக்குகளும் மக்களும் ஊர்வலமாக வருகிறார்கள். அந்த நாட்டில் பௌத்தர்கள் சிறுபான்மைதான். சிறுபான்மையினரின் கோயில் என்றால் மரியாதையும் குறைத்துக் கொடுத்தால் போதுமா?

"குந்தோ பீமோ" வாதமும் வந்தது. தூபிக்குள் கைவிட்டுப் புத்தரைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்று அந்த ஊர்க்காரர்களே நம்பினார்கள், வழிகாட்டிகளே முன்பு சொல்லித் தந்தார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. இன்று வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

"1896-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கு அங்கே ஆட்சி செய்த டச்சுக்காரர்கள் எட்டு வண்டி நிறையச் சிற்பங்களைத் தூக்கிக் கொடுத்தார்களே, ஒரு விரல் பட்டதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று கேட்டவருக்கு வரலாறு நன்றாகவே தெரிந்திருக்கிறது, பாராட்டுகள். கொள்ளை போன வீட்டில் மீதமிருக்கும் பாத்திரத்தை நாமும் கொஞ்சம் நசுக்கிப் பார்க்கலாம் என்பது அவருடைய கட்சி போலும்.

எனக்கு வெளிநாட்டு மோகமாம், நம் ஆளை விட்டுக்கொடுத்து எவனுக்கோ வக்காலத்து வாங்குகிறேனாம். அங்குள்ள சுவர்ச் சிற்பங்களில் ஞானம் தேடி ஊர் ஊராகப் போகும் சுதனன் என்ற இளைஞனின் கதை நீள நீளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் தேடிப்போகும் ஆசான்களில் ஒருவர் திராவிட நாட்டு மேகர். போகிற இடமெல்லாம் அவன் கைகூப்பிக்கொண்டுதான் நிற்கிறான். நம் ஆள் யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், கைவிட்டதைக்கூட அறியாமை என்று விட்டுவிடுவேன். அந்த வழிகாட்டி "ப்ளீஸ் சார், நோ டச், ஸ்டோன் வெரி ஓல்டு" என்று மன்றாடியதைப் பின்னணி இசை சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தாய்மாமா மாமல்லபுரத்தில் வழிகாட்டியாக இருந்தவர். கேட்டுக் கேட்டுக் கற்ற ஆங்கிலத்தில் அர்ச்சுனன் தபசின் கதையைச் சொல்லும்போது அவர் எதிரிலேயே அவரைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்தவர்கள் உண்டு. வெள்ளைக்காரர்கள் இல்லை, சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம், கேட்பார்.

எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று அந்தக் காணொளியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். சரி, இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த வழிகாட்டியின் முகத்தை மறைக்காமல் போட்டிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை. புகார் அளிக்கும் வசதி அந்தக் காணொளியின் மூலையிலேயே இருக்கிறது. சிரிப்புக்குறி இட்ட அதே விரலால் அதையும் அழுத்தலாம்.