சீல் உடைக்காமல் எப்படிப் பிடித்துப் பார்ப்பது?

"சீல் உடைத்தால் எடுக்கத்தான் வேணும் தம்பி."

கையில் பிடித்து விளையாடும் கேம் கருவி ஒன்று வாங்கவென்று போன சனிக்கிழமை யாழ்ப்பாண டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் இதுதான் பதில். முதல் கடையில் நின்டென்டோ சுவிட்ச் 2க்கு 185,000 ரூபாய் விலை சொல்கிறார்கள், பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கட்ட வேண்டுமாம். புடவைக் கடையில் ஒரு சாரத்தைக்கூட விரித்துக் காட்டுகிறார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மணந்து பார்க்காமல் யாராவது வாங்குவோமா? கையில் பிடித்து விளையாடுவதற்கென்றே செய்த சாமானை மட்டும் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாதென்றால் இது என்ன நியாயம்?

நான் சும்மா அடம்பிடிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் பாரமான பொருளைக் கனநேரம் தூக்கிப் பிடித்தால் உளைகிறது. நின்டென்டோ சுவிட்ச் லைட் 275 கிராம். சுவிட்ச் 2, இரண்டு பக்கக் கொன்ட்ரோலரும் பூட்டினால் 534 கிராம். ஸ்டீம் டெக் ஓஎல்ஈடி 640 கிராம். லெனோவோவின் லீஜியன் கோ 854 கிராம். இந்த எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் 640 கிராம் என் கையில் எப்படி இருக்கும் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. பிடி எப்படி வளைந்திருக்கிறது, கட்டைவிரலால் அசைக்கிற ஸ்டிக்குக்கு விரல் எட்டுகிறதா, பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, இதெல்லாம் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தைத் தர ஒரு கடைக்கும் மனமில்லை.

விலை கூடிவிட்டது என்று நான் கத்தவில்லை. சுவிட்ச் 2 வெளிவந்தபோது அமெரிக்காவில் 449.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 135,000. 18 வீத வற் வரி, கொண்டுவரும் செலவு, கடைக்காரருடைய இலாபம் எல்லாம் சேர வேண்டும்தான். சரி, கொடுக்கிறேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. அதைக் கொடுக்கிறவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஏனென்றால் இரண்டாவது கடையில் நடந்தது வேறு. அங்கே அதே சுவிட்ச் 2 நாற்பதாயிரம் ரூபாய் குறைவு. "ஜப்பான் சாமான் தம்பி, ஒறிஜினல்" என்றார். ஜப்பான் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் எவ்வளவு மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. வாகனத்திலிருந்து தையல் மெஷின் வரைக்கும் ஜப்பான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற சனம் நாங்கள். நானும் காசை எண்ணத் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முழுக்க ஜப்பானிய எழுத்து.

விஷயம் இதுதான். சுவிட்ச் 2ஐ ஜப்பானில் இரண்டு வகையாக விற்கிறார்கள். வெளிவந்தபோது மலிவு வகை 49,980 யென், பல மொழி வகை 69,980 யென். மலிவு வகையில் மெனு, செட்டிங்ஸ் எல்லாம் ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும், மாற்ற முடியாது. ஜப்பானை நாடாகக் கொடுத்த நின்டென்டோ கணக்கை மட்டும்தான் அதில் இணைக்கலாம். இதைக் கேட்டதும் அந்த அண்ணை, "அதெல்லாம் மாத்தலாம்" என்று வாய்கூசாமல் சொன்னார். மாற்ற முடியாது அண்ணை! எனக்குத் தெரிந்ததால் தப்பினேன். ஓஎல் பரீட்சை எடுத்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வருகிற ஒரு தகப்பனுக்கு இது எப்படித் தெரியும்? வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளை ஆசையோடு சீல் உடைத்து, ஒரு சொல்லும் விளங்காமல் இருக்கும்போது இவர்கள் திருப்பி எடுப்பார்களா? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றாவது கடையில் பிளேஸ்டேஷன் போர்ட்டலை எடுத்து நீட்டினார்கள். அது முக்கியமாக வீட்டிலுள்ள பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேமை நெட் வழியாகக் கையில் வைத்து விளையாடுகிற சாமான். வீட்டில் பிஎஸ்5 இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் கேமை இறக்கி விளையாட முடியாது என்றும் சொல்லவில்லை.

அடுத்தது வாரண்டி. ஆறு மாதம், அதுவும் கடை வாரண்டி. பழுதானால் கொழும்புக்கு அனுப்பித் திருத்தித் தருவார்களாம், எத்தனை நாளில் என்று கேட்டால் மேலே பார்க்கிறார்கள். ஸ்டிக் தானாக நகரும் பிரச்சினைக்கு நின்டென்டோ தலைவரே 2020இல் மன்னிப்புக் கேட்டவர். அப்படியான பழுது வரும் என்று தெரிந்துகொண்டே எந்த நம்பிக்கையில் வாங்குவது? கேம் வாங்குவதும் அப்படித்தான். நின்டென்டோவின் இணையக் கடை இலங்கைக்கு இல்லை, கணக்கை வேறு நாட்டில் வைத்துக் கிஃப்ட் கார்ட் தேட வேண்டும். கேமைப் பதிந்து விற்கிற சின்னக் கார்ட்ரிஜ் வாங்கினால் தப்பலாம் என்றால், சுவிட்ச் 2க்கு வருகிற சில கார்ட்ரிஜ்களுக்குள் கேமே இல்லை. வெறும் சாவிதான், கேமை நெட்டில்தான் இறக்க வேண்டும். ஸ்டீம் டெக்குக்குக் கேம் வாங்குகிற இணையக் கடையான ஸ்டீமில் என்றால் இலங்கையிலிருந்தே டொலரில் வாங்கலாம். அதனால் என் மனம் ஸ்டீம் டெக் பக்கம் சாய்கிறது. ஆனால் மணிக்கட்டு?

"போன் இருக்குத்தானே, அதில விளையாடு" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த இருட்டில் என்னையும் என் தம்பியையும் சண்டை பிடிக்காமல் வைத்திருந்தது கூட்டாளி ஒருவன் இரவலாகத் தந்த பிஎஸ்பி என்ற பழைய கையடக்கக் கேம் கருவி. விளையாட்டுக்கென்று செய்த பொத்தானுக்கும் கண்ணாடியைத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், "நான் வாங்கி அனுப்புறன்" என்கிறார். காசு அனுப்புகிறேன் என்றால் கோபிக்கிறார். அவர் இரவு வேலைக்குப் போகிற மனிசன். எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்க அவர் இன்னும் ஒரு ஷிப்ட் நிற்க வேண்டாம். என் காசில், என் ஊரில், பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். இது பெரிய ஆசையா?

கடைக்காரர்களே, ஒன்றே ஒன்றைத் திறந்து மேசையில் வையுங்கள். களவு போகும் என்று பயமென்றால் சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். போன் கடைகளில் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்.

கொக்குவில், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, எங்கேயாவது ஸ்டீம் டெக் ஓஎல்ஈடி வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். பத்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.