படம் மட்டும் பாடம் சொல்லவில்லை

"இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தேவாலயச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடிப் படங்களைப் பார்த்தே விவிலியத்தைத் தாங்களாகக் கற்றுக்கொண்டார்கள்" என்ற கருத்து பாதிதான் சரி.

அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. தேவாலயப் படங்களை மக்கள் வழிபடுகிறார்கள் என்று மார்சேய் நகரின் ஆயர் (பிஷப்) செரேனுஸ் அவற்றை உடைத்தெறிந்தபோது, கி.பி. 600 வாக்கில் திருத்தந்தை (போப்) கிரகோரி அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எழுத்தறியாதவர் நூலில் படிக்க முடியாததைச் சுவரிலாவது படிக்கட்டும், ஆனால் படங்களை வணங்க வேண்டாம் என்பது அவர் வாதம். படங்களைக் காப்பாற்றச் சொன்ன நியாயம் அது. மக்கள் உண்மையில் எப்படிக் கற்றார்கள் என்பதற்கான சாட்சியம் அல்ல.

பிரான்ஸின் ஷார்த்ர பேராலயத்தின் 'நல்ல சமாரியர்' சன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியர் ஒருவர் காப்பாற்றியதாக இயேசு சொன்ன உவமை அது. சன்னல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடியில் செருப்புத் தைப்பவர்கள். மேலே கள்வரிடம் அடிபட்ட வழிப்போக்கன். அதற்கும் மேலே, சட்டென்று ஆதாமும் ஏவாளும்! அடிபட்டவன் பாவத்தில் வீழ்ந்த மனிதகுலம், காப்பாற்றியவர் கிறிஸ்து என்ற விளக்கத்தை மறையுரையில் கேட்டிருந்தால்தான் இந்தத் தாவல் புரியும். கேட்டதை நினைவூட்டியது கண்ணாடி. அதை முதலில் ஊட்டியது குருவின் குரல்.

'ஏழைகளின் விவிலியம்' என்ற இடைக்காலப் படநூலையும் சான்றாகக் காட்டாதீர்கள். அதன் பக்கங்களில் படங்களைச் சுற்றி லத்தீன் வாசகங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எழுத்தறியாத ஏழைக்கு அவை எப்படிப் பயன்பட்டிருக்கும்? பாரிஸின் சான்த் ஷாபெல் என்ற சிற்றாலயத்தின் மேல்தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிக் காட்சிகள் உள்ளன. ஆனால் 1248இல் அர்ச்சிக்கப்பட்ட அது, எழுத்தறியாத ஏழைகளுக்கான இடமல்ல; அரசரும் அரசவையினரும் தொழுத இடம்.