அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக…

பயணிகளை ஏற்றிய படகு தீப்பிடித்துப் பலர் காயம்பட்டார்களே, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், நான் மறுபடியும் பகிரப்போவதில்லை. ஆனால் நேற்று படகுக்காரர் தரப்பு விளக்கத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சொந்தப் பொறுப்பில் வருகிறோம் என்று பயணிகள் எல்லாரும் ஏறும் முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். காயம்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அந்த விளக்கத்தின் கீழே கருத்து எழுதும் நம் ஆட்களே, “கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன கேஸ்?” என்கிறார்கள்.

கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு போய்விடாது. நம் மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010 திருத்தம் சேர்த்த பகுதியைப் படியுங்கள். கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்பிக்க எழுதிவைக்கும் நிபந்தனை நியாயமற்றது, நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளலாம். எந்த இழப்பீடும் எங்களிடம் கேட்க முடியாது என்று ஒரு வங்கி கடன் ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்ததை, 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே செல்லாது என்றது. வக்கீல்களை வைத்து எழுதிய வங்கிப் பத்திரமே நிற்கவில்லை. படகுத்துறையில் வெயிலில் நிற்கவைத்து நீட்டுகிற அரைப் பக்கத் தாள் நிற்குமா?

கடலுக்குப் போகிறவன் அலையை, காற்றை, மழையை ஏற்றுக்கொண்டுதான் போகிறான். படகுக்குள்ளிருந்து வரும் நெருப்பை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்தினால், குழாய் கசிந்தால், படகின் அடிப்பகுதியில் போய்த் தங்கிவிடும். பிறகு இன்ஜினை முடுக்கும்போது ஒரு சின்னப் பொறி போதும். ஃபைபர் படகில் தீ பிடித்துக்கொண்டால் நிற்காது. இதைத் தடுக்கத் தெரியாதவர் யாருமில்லை. எண்ணெய் ஊற்றும்போது ஆட்களை இறக்கிவிட வேண்டும், காற்றோட்டம் விட்டு ஆவி போன பிறகே இன்ஜினை முடுக்க வேண்டும், பழைய குழாயை மாற்ற வேண்டும், தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதில் எது பயணியின் வேலை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். என் மச்சான் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் படகு எடுத்துப் போனவர். நடுவழியில் ஆட்களை வைத்துக்கொண்டே கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினார்கள். தீப்பிடித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோனது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நின்றுகொண்டே செய்யும் வேலை. அந்த வேலையும் போனது. வார்டுக்கு வந்த படகு முதலாளி பழக்கூடையும் ஒரு கவரும் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று மலாயில் எழுதிய ஒரு தாளை அத்தையிடம் நீட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகன் வலியில் கத்திக்கொண்டிருக்கிறான், அவர் ரேகை வைத்துவிட்டார். அந்தக் கவரில் இருந்தது ஐநூறு வெள்ளி.

“லைஃப் ஜாக்கெட் போடாத சனம்தானே” என்று ஒருவர் எழுதியிருந்தார். லைஃப் ஜாக்கெட் நெருப்பைத் தடுக்காது, ஐயா. பயணி மேலும் தப்பு இருந்தால் 1956 சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இழப்பீட்டைக் குறைப்பார்கள், ஒரேயடியாக இல்லையென்று சொல்லமாட்டார்கள். “சின்னப் படகுக்காரன் பாவம், கேஸ் போட்டால் தெருவுக்கு வந்துவிடுவான்” என்பவர்களே, அதற்குத்தான் காப்புறுதி. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது சின்னவராகத் தெரியாதவர், காயம்பட்டவன் கேட்கும்போது மட்டும் சின்னவர் ஆகிவிடுகிறாரா?

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ‘கன்செப்ஷன்’ என்ற படகு இரவில் எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். ராக்காவலுக்கு யாரையும் வைக்கவில்லை. கடைசி உடல் கிடைப்பதற்குள்ளேயே முதலாளிகள் 1851ஆம் வருடத்துச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். விபத்துக்குப் பின் படகு எவ்வளவு பெறுமோ அவ்வளவுதான் பொறுப்பு என்கிற சட்டம் அது. எரிந்து மூழ்கிய படகு என்ன பெறும்? பூஜ்யம். அந்தக் குடும்பங்கள் விடவில்லை. 2022இல் சிறிய பயணிகள் படகுகளுக்கு அந்தச் சலுகையை எடுக்கவைத்தார்கள். கேப்டனுக்கு 2024இல் நான்கு வருட மறியல் தண்டனை.

அவர்கள் கேட்டார்கள். நாம் கேட்பதில்லை. கேட்டால் பேராசைக்காரன், பிணத்தை வைத்துக் காசு பார்க்கிறவன் என்று பேசுவது யார்? நம் ஆட்கள்தான். என் அத்தையிடமே, “கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள், கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கெதற்கு” என்று சொன்னது எங்கள் கோயில் கமிட்டிக்காரர். அவர் கெட்டவரில்லை. ஆனால் அந்தப் பேச்சால் மச்சான் இழந்தது எவ்வளவு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பவர்களின் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். கவர் வந்தால் அதோடு வரும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், ரேகையும் வேண்டாம். போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கட்டும். கடல்துறை இலாகாவுக்கும் எழுதட்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் உடல் காயத்துக்கு இழப்பீடு தராது, அங்கே அலைய வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலேயே இருக்கிறது. வழக்குப் போடப் பொதுவாக 6 வருடம் அவகாசம் உண்டு, ஆனால் எரிந்த படகை அதுவரை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். இன்ஜின், குழாய், எண்ணெய் கேன் எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள், வருகிறேன்.