முற்றத்து முருங்கையே போதும்

பறவைப் படம் எடுப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதற்கு எங்கள் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்கிற மாதிரி முடிந்திருந்தது, அதனால் இதை எழுதுகிறேன். வேட்டங்குடி எங்கள் பெருமைதான். பறவைகளுக்காகப் பக்கத்துக் கிராமமான கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. ஆனால் பங்குனியில் அங்கே பறவைக் கூட்டம் கலைந்துவிடும். வீட்டுப் பக்கம் கச்சேரி தொடங்குவதே அப்போதுதான்.

காரைக்குடியில் எங்கள் பின்கட்டு முருங்கையில் ஒரு பட்டுப்போன கிளை. அப்பத்தா வெட்டச் சொன்னதை நான்தான் தடுத்தேன். இப்போது செம்மார்புக் குக்குறுவான் அதில் பொந்து குடைகிறது. 'டொக் டொக்' என்று செம்பு தட்டுகிற அந்தக் குரல் மத்தியானத்திலும் நிற்பதில்லை.

அப்புறம் ஊதாத் தேன்சிட்டு. ஆண் பறவை நிழலில் வெறும் கறுப்பு. வெயில் சாய்வாகப் பட்டால்தான் ஊதாவும் நீலமும் மின்னும். அதனால் காலை எட்டு மணிக்குள், சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி கதவோரம் உட்கார்ந்துவிடுவேன். பறவையைத் துரத்துவதில்லை. அது திரும்பத் திரும்ப வரும் பூவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தேன்சிட்டின் கூட்டைப் படம் எடுக்க இலையை விலக்காதீர்கள். சிலந்தி நூலால் பின்னிய தொங்கு கூடு அது, கட்டுவதும் அடைகாப்பதும் பெண் பறவை மட்டும்தான். நாம் கிட்டே போனால் அது முட்டையை விட்டுப் போய்விடலாம். போன வருஷம் பக்கத்துத் தெருவில் அப்படித்தான் ஆனது, இன்னும் மனசு ஆறவில்லை.