குளிருக்கு எஃப்பிஎஸ் ஏறாது, தம்பி

"நுவரெலியா குளிரே போதும், கொழும்புக்காரரை விட நமக்கு வெலரன்ட் கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பது) கூடத்தான் வரும்" என்று மேலே தம்பி எழுதியிருப்பது பாதிதான் சரி. சிபியூ (கணினியின் மூளையான சிப்) அளவுக்கு மீறிச் சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது மட்டும்தான் குளிர் கைகொடுக்கும். 70 டிகிரியில் ஒழுங்காக ஓடுகிற சிபியூ 58க்கு இறங்கினாலும் எஃப்பிஎஸ் பெரிதாக அசையாது. இன்னொன்று, 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 5இல் ஒரு பங்கு குறைவு. ஃபேன் தள்ளுகிற காற்றும் அந்தளவுக்கு மெலிசுதான், அது இழுக்கிற சூடும் குறையும். (குளிர் அதை ஈடுகட்டிவிடும், அது வேறு கதை.)

தம்பி, உங்களுக்கு எஃப்பிஎஸ் 90இலேயே நிற்கிறது என்றால் ரெசலூஷனை (படத்தின் நுணுக்கத்தை) 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். அப்பவும் அசையாவிட்டால் இடிக்கிறது படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு இல்லை. பெரும்பாலும் சிபியூ, இல்லாவிட்டால் ரேம் (தற்காலிக நினைவகம்). நீங்கள் போட்ட படத்தில் 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, பக்கத்து ஸ்லொட் வெறுமையாகக் கிடக்கிறது! அதே அளவை 8 ஜிபி இரண்டாகப் போட்டால் டுவல் சேனலில், அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் ஓடும், திடீர் திடீரென்று விழுகிற எஃப்பிஎஸ்ஸும் குறையும். பயோஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதற்குச் சொன்ன வேகத்தில் ஓடவிடுகிற செட்டிங், ஓன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கார்டுக்குக் காசு கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.