காத்து மூணு கிலோ

(ஹட்டன் டவுனுக்குக் கீழே ஒரு கராஜ். தூறல். பழைய மாருதி 800 ஒன்று ஆவி பறக்க வந்து நிற்கிறது. முன் கிரில்லை மூடி ஒரு தேர்தல் பலகை, நாலு சில்லிலும் அலுமினியத் தாம்பாளம், கூரையில் கெரியர், பின்னால் மூங்கிலும் தார்ப்பாயும் கட்டிய நீள வால். மணி இறங்குகிறான். ஆறுமுகம் பாஸ் கையில் பிளேன்டீ.)

பாஸ்: என்னடா தம்பி, திருவிழா முடிஞ்சிருச்சே, தேர இப்பதான் இழுத்துட்டு வர்ற?

மணி: கிண்டல் பண்ணாதீங்கண்ணே. ஏரோடைனமிக். காத்தக் கிழிச்சிக்கிட்டுப் போகும்.

பாஸ்: காத்து கிழிஞ்சுதோ இல்லையோ, ரேடியேட்டர் கிழிஞ்ச மாதிரி இருக்கு. ஏய், மூடியில கை வைக்காத! மூஞ்சி வெந்துரும். அரை மணி நேரம் ஆறட்டும்.

மணி: கினிகத்தேனையில இருந்து ஏறி வந்தேன். வட்டவளை தாண்டுறப்பவே சூடு காட்டுற முள்ளு மேல போயிருச்சுண்ணே.

பாஸ்: போகாம? ஏத்தத்துல ரெண்டாம் கியரு, எஞ்சின் முழுசா மாடா உழைக்குது, வண்டி ஓடுறது மணிக்கு 25 கிலோமீற்றர். அந்த வேகத்துல காத்து தானா உள்ள வராது, ஃபேன்தான் இழுக்கணும். நீ அதோட வாயில பலகைய வச்சு அடைச்சிருக்க. யாரு பலகை இது?

மணி: போன எலெக்‌ஷன்ல தோத்தவருது. ஜெயிச்சவரு பலகையில கை வச்சா பிரச்சின வரும்.

பாஸ்: தோத்தும் ஒன் வண்டிய நிப்பாட்டிட்டாரு பாரு. கேட்டுக்க, தண்ணி 100 டிகிரியில கொதிக்கிறது கடலோரத்துல. 300 மீற்றர் ஏறினா ஒரு டிகிரி கொறையும். ஹட்டன்ல 96, நுவரெலியாவுல 94. ரேடியேட்டருக்குத் தண்ணிய விடுற தெர்மோஸ்டாட் தெறக்கிறதே 82, இல்லன்னா 88ல. நடுவுல எடம் எங்க இருக்கு?

மணி: அப்ப மத்த வண்டியெல்லாம் எப்பிடிண்ணே கொதிக்காம ஏறுது?

பாஸ்: மூடியில 0.9னு போட்டிருக்கும் பாரு. அந்த அமுக்கம் உள்ள நின்னா 115 தாண்டுற வரைக்கும் கொதிக்காது. ஒன் மூடியில ரப்பர் காஞ்சு பப்படமா இருக்கும், ஆறினதும் காட்டுறேன். மொதல்ல மூடிய மாத்து. அப்புறம் கிரில். ரேடியேட்டருக்கு நேரா இல்லாத ஓட்டை இருக்கே, அத தாராளமா அடை. அதுல போற காத்து சும்மா உள்ள சுத்தி வண்டியப் புடிச்சு இழுக்குது, அடைச்சா முழு லாபம். ரேடியேட்டருக்கு நேரா, குளுரு மாசத்துல மட்டும் மூணுல ஒரு பங்கு. அதுவும் ரெண்டு கிளிப்புல, நின்ன எடத்துல கழட்டுற மாதிரி.

மணி: ஹைவேயில பாதிக்கு மேல அடைச்சிட்டு ஓடுறாங்கன்னு பார்த்தேனே.

பாஸ்: அங்க மணிக்கு 100ல சமதரையில போறான். தேவைக்கு மேல காத்து வந்து முட்டுது. நீ போறது மாடு மேயுற வேகம். சரி, இது என்னா சில்லுல? கல்யாண வீட்டுத் தாம்பாளமா?

மணி: அவ சீர் கொண்டாந்தது. நாலு தட்டு, சரியா 12 அங்குல ரிம்முக்கு அளவெடுத்த மாதிரி. 1999ல வந்த ஹொண்டா இன்சைட்ல சில்லையே மூடியிருந்தான்ல? காத்து எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற கெழு வெறும் 0.25!

பாஸ்: பின் சில்ல மட்டும்தான் மூடினான். முன் சில்லு திரும்பணும், பிரேக்கும் ஆறணும். ஒனக்கு முன்னால டிஸ்க், பின்னால டிரம். இறக்கத்துல முக்கால்வாசிச் சூடு முன்னாலதான் ஏறும். அதுக்கு மூடி போட்டா பிரேக் ஒயில் கொதிச்சு பெடல் தரையோட போயிரும். முன் ரெண்டக் கழட்டு. பின் ரெண்டும் இருக்கட்டும், ஆனா இந்தக் கட்டுக்கம்பி வேணாம். ரிம்மில ஓட்டை போட்டு எம்5 போல்ட் மூணு, ஆட்டத்துல கழண்டு வராத நைலொக் நட்டு. நடுவுல ஒரு ஓட்டை விடு, இல்லன்னா மழைத்தண்ணி உள்ள தேங்கி சில்லு ஆடும்.

மணி: அவ தட்டுல ஓட்டையா!

பாஸ்: மத்த ரெண்டு தட்டையும் மொதல்ல குடுத்துரு. பாதிப் பழியோட போயிரும். அது சரி, என்னா கருகுற வாசம்?

மணி: அடியில பிளாஸ்டிக் தட்டு கட்டியிருக்கேண்ணே. முன் பம்பர்ல இருந்து பின்னால வரைக்கும். அடி வழவழன்னு இருந்தா காத்து சிக்காதுல்ல?

பாஸ்: (குனிந்து பார்த்து) ஐடியா சரி. சைலன்சர் பைப்போட ஒட்டிக் கெடக்கே! இந்த நெளி பிளாஸ்டிக் பொலிபுரொப்பிலீன். 160 டிகிரி சொச்சத்துல உருகி ஓடும், அதுக்கு முந்தியே கொழகொழன்னு ஆயிரும். பைப்புக்கிட்ட பக்கத்துக்கு ஒரு கை அகலம் வெட்டி எடு. அந்த எடத்துல மூடணும்னா அலுமினியத் தகடு. ரேடியேட்டர்ல நுழைஞ்ச சூட்டுக்காத்து எஞ்சினுக்கு அடியாலதான் வெளிய போகுது, அதையும் அடைச்சிட்ட. முன்னாலயும் மூடி கீழயும் மூடி, எஞ்சின இடியப்பம் மாதிரி அவிச்சிருக்க.

மணி: எஞ்சினுக்கு அடியில விட்டுட்டு மத்த எடத்துல?

பாஸ்: போடு. கூரைத் தகரம் போடுறப்ப மேல் தகரம் கீழ்த் தகரத்து மேல வரும்ல, அதே கணக்கு. இங்க காத்து முன்னால இருந்து பின்னால ஓடுது. அதனால முன் தட்டோட ஓரம் பின் தட்டுக்கு வெளிப்பக்கமா வரணும். நீ மாத்திப் போட்டிருக்க, காத்து உள்ள பூந்து பை மாதிரி ஊதும். முன் விளிம்புல எம்6 போல்ட், பெரிய வொஷர். பின் விளிம்புல கேபிள் டை போதும். தோட்டத்து ரோட்டுல கல்லுல சிக்கினா டை அறுந்து தொங்கட்டும், பம்பரப் புடுங்காது. ஒயில் கழட்டுற போல்ட்டுக்கு நேரா ஒரு கதவு வெட்டு. இல்லன்னா ஒயில் மாத்துற அன்னிக்கு நான் ஒன்ன மாத்திருவேன்.

(பாஸ் வாலைச் சுற்றி வந்து நிற்கிறார்.)

பாஸ்: இது?

மணி: இதுதான் மெயின்! மழைத்துளி மாதிரி கூரா முடிச்சிருக்கேன். மூங்கில் தோட்டத்துலயே கெடைச்சுது.

பாஸ்: காத்து முன்னால முட்டுறதவிட, பின்னால வெறுமையா நின்னு உறிஞ்சுறதுதான் வண்டிய ரொம்ப இழுக்குது. அது ஒனக்கு வெளங்கியிருக்கு, சந்தோசம். ட்ரவுட் மீனப் பாரு, தல தடிப்பு, வால் மெலிசு. ஆனா மீனு மெதுவா மெலியுது. நீ கூரையில இருந்து ஒரேயடியாச் சரிச்சிருக்க. இது 30 டிகிரி இருக்கும். 12, 15 டிகிரிக்கு மேல சரிச்சா காத்து ஒட்டாது, பிச்சிக்கிட்டுப் போயிச் சுருளும்.

மணி: டிகிரி அளக்கிற சாமான் எங்கிட்ட இல்லையே.

பாஸ்: மட்டப்பலகை இருக்குல்ல? பத்துக்கு ரெண்டு. 10 சென்ரிமீற்றர் பின்னால போனா 2 சென்ரிமீற்றர் எறக்கு, 11 டிகிரி சொச்சம் வரும். பக்கவாட்டுல பத்துக்கு ஒண்ணரை. 30 சென்ரிமீற்றர் நீளம் போதும், அங்க சடக்குன்னு வெட்டி விட்டுரு. வெட்டின விளிம்பு சதுரமா நிக்கணும், உருட்டி வழிக்கக் கூடாது. முழுசா கூரா நீட்டினா கெடைக்கிறதுல பெரும்பங்கு அந்த அரைகொறை வால்லயே கெடைச்சிரும். 1930கள்ல கம்முன்னு ஒரு ஜேர்மன் எஞ்சினியர் சொன்னது.

மணி: கம்முனு இருக்குற மனுசன் எப்பிடிண்ணே சொன்னாரு?

பாஸ்: பேரே கம் தான்டா. வூனிபால்ட் கம். (பெருமூச்சு) தார்ப்பாயி வேணாம், படபடன்னு அடிச்சு அதுவே காத்தக் கொழப்பும். ஹைவேயில பிஞ்சு பின்னால வர்றவன் கண்ணாடியில விழும். 4 மில்லிமீற்றர் நெளி பிளாஸ்டிக், ஓரத்துல அலுமினிய எல்-பட்டை, ரிவெட். டிக்கிக் கதவோட சேர்த்து மாட்டு, கதவு தெறக்கணும். லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது, பொலிசுக்கு கம்மைத் தெரியாது.

மணி: சரியா ஒட்டுதான்னு எப்பிடித் தெரியும்?

பாஸ்: ஸ்வெட்டர் பின்னுற கம்பளி நூல். 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, கூரையிலயும் வால்லயும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் டேப் போட்டு ஒட்டு. மணிக்கு 60ல நீ ஓட்டு, பின்னால இன்னொரு வண்டியில ஒருத்தன் போன்ல வீடியோ எடுக்கட்டும். நூல் நேரா பின்னால படுத்திருந்தா காத்து ஒட்டுது. சுத்துனாலோ முன்பக்கம் திரும்புனாலோ பிஞ்சிருச்சு, அந்த எடத்துல சரிவக் கொற. (டிக்கியைத் தட்டி) என்னாடா, அடியில ஸ்பிரிங் இப்பிடி உக்காந்திருக்கு? உள்ள என்னா?

மணி: ஒண்ணுமில்லண்ணே... வால் தூக்குதேன்னு பாரத்துக்கு...

(பாஸ் தார்ப்பாயை விலக்கி டிக்கியைத் திறக்கிறார்.)

பாஸ்: அடப்பாவி. அம்மி!

மணி: கொழவியும் இருக்கு. ரெண்டும் சேர்த்து 40 கிலோ.

(பாஸ் பிளேன்டீயை வைத்துவிட்டு, சுண்ணக்கட்டியால் தரையில் எழுதுகிறார்.)

பாஸ்: ஒக்காரு. கொழுந்து நிறுக்கிற தராசுல கணக்குப் பாப்போம், ஒனக்கு அதுதான் புரியும். ஒன் வண்டியும் ஹயர் ஆளுங்களும் 900 கிலோ. 100 மீற்றருக்கு 6 மீற்றர் ஏறுற ரோடு. மணிக்கு 35ல போற. ஒன்னப் பின்னால புடிச்சு இழுக்கிறது யாரு யாரு? மலை, 54 கிலோ. டயர், சுமாரா 10 கிலோ. காத்து, மூணு கிலோ சொச்சம்.

மணி: மூணா?

பாஸ்: மூணு. ஒரு பொம்பள காலையில கொஞ்ச நேரத்துல எடுக்குற கொழுந்து. அதோட சண்ட போடத்தான் இவ்வளவு கோலமும். வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு. மணிக்கு 100ல போனா அதே காத்து 30 கிலோ. அங்க மலையில்ல, டயர் 10. இப்ப சொல்லு, இந்தச் சாமான் எந்த ஊருக்கு?

மணி: மாசத்துல ரெண்டு தடவ மாத்தறைக்கு ஹைவேயில ஹயர் வருதுண்ணே.

பாஸ்: அப்ப வாலையும் அடித்தட்டையும் ஒழுங்காச் செய், வீணில்ல. ஆனா மொதல் வேலை அந்தக் கெரியர். சும்மா நிக்கிற கெரியரே காத்த வாரிப் புடிக்கும். நாலு போல்ட், அஞ்சு நிமிசம், செலவு பூச்சியம். ஒருத்தரும் அதச் செய்ய மாட்டான், ஏன்னா அதுல காட்டிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

மணி: அம்மி?

பாஸ்: ஹட்டன்ல இருந்து நுவரெலியா 600 மீற்றர் ஒசரம். பெற்றோல்ல நாலுல ஒரு பங்குதான் சில்லுக்கு வருது. 40 கிலோவ 600 மீற்றர் தூக்க 30 மில்லி. வால் சரியா வேல செஞ்சு காத்துல பத்துல ஒண்ணு கொறைஞ்சாலும் அந்தப் பயணத்துல மிச்சம் 18 மில்லி. அப்ப இருமல் மருந்து மூடியில ஒண்ணேகால் மூடி மிச்சம் புடிச்சு, ரெண்டு மூடி அம்மிக்கு ஊட்டுற.

மணி: 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் கோட் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர்னு குடுத்தப்ப ஆரம்பிச்ச பைத்தியம்ணே இது. லீற்றர் 450 ரூவா வித்துச்சு.

பாஸ்: அந்தப் பயம் எல்லாருக்கும் வந்துச்சு. ஆனா பாரு, கடலோரத்துல இருந்து நுவரெலியாவுக்கு இந்த வண்டியத் தூக்க மட்டும் 2 லீற்றர். அதுல சில்லுக்கு வந்த பங்குல பெரும்பாலும் எறங்குறப்ப பிரேக்ல சூடாப் போயிருது. நீ எறக்கத்துல எப்பிடி வர்ற?

மணி: நியூட்ரல்லதான். சில எடத்துல ஓஃப் பண்ணியும்...

பாஸ்: (எழுந்துவிடுகிறார்) ஓஃப் பண்ணினா, மிதிய லேசாக்குற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் நிக்கிற வெக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான். அப்புறம் பெடல் கல்லு. சாவிய உருவினா ஸ்டியரிங் பூட்டும். கீழ சென்கிளயர் அருவி, பார்க்க அழகாத்தான் இருக்கும்.

மணி: நியூட்ரல்?

பாஸ்: ஒன் வண்டி ஈஎஃப்ஐ, கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெற்றோல் அடிக்கிற சாதி, பழைய காபரேட்டர் இல்ல. கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் மூடிக்கும், பெற்றோல் சொட்டுக்கூடப் போகாது. நியூட்ரல்ல எஞ்சின் சும்மா சுத்தவே மணிக்கு அரை லீற்றருக்கு மேல குடிக்கும். ஏறுன கியர்லயே எறங்கு. பிரேக்கும் ஆறும், காசும் மிச்சம்.

மணி: டயர்ல காத்து? கொழும்புல 30 பீஎஸ்ஐ அடிச்சிட்டு வந்தா இந்தக் குளுருக்குக் கொறையுமேன்னு நான் இன்னும் 4 அடிச்சிருவேன்.

பாஸ்: அங்க 32 டிகிரி, நுவரெலியாவுல விடியக்காலையில 12. அந்தக் குளுருக்கு 3 கொறையும், சரி. ஆனா மேல வெளிக்காத்தோட அமுக்கமே கம்மி, அதுக்கு கேஜுல 3 கூடும். ரெண்டும் சரிக்குச் சரி, டயர் ஆறியிருந்தா 30 30தான் காட்டும். கதவு விளிம்புல ஒட்டியிருக்கிற அளவுக்கு அடி. ரெண்டு கூட்டினா ஒண்ணுமில்ல. டயர் பக்கத்துல போட்டிருக்கிற உச்ச அளவுக்கு ஏத்துறவங்க இருக்காங்க, அவங்க நானுஓயா மழையில வளைவு திரும்பினதில்ல.

மணி: இதெல்லாம் செஞ்சு எவ்வளவு மிச்சம்னு எப்பிடிண்ணே பாக்குறது? சமதரையில ஓட விட்டு எவ்வளவு தூரம் உருளுதுன்னு பாக்கச் சொல்றாங்க.

பாஸ்: ஹட்டன்ல சமதரை ஸ்டேஷன் பிளாட்போர்ம் மட்டும்தான், அங்க விட மாட்டாங்க. ஃபுல் டேங்க் கணக்குப் போடு. ஒரே பெற்றோல் ஷெட், ஒரே பம்பு, மொதல் கிளிக்லயே நிப்பாட்டணும். ஓடின கிலோமீற்றரையும் ஊத்தின லீற்றரையும் மூணு டேங்குக்கு எழுதி வை. ஒரு நேரத்துல ஒரு சாமான் மட்டும் மாத்து. மாட்டி மூணு டேங்க், கழட்டி மூணு டேங்க். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டினா எது மிச்சம் புடிச்சுது, எது தின்னுச்சுன்னு தெரியாது.

(மணியின் போன் அடிக்கிறது.)

மணி: ஆங், சொல்லு... அம்மியா?... திருடு போகல... இல்ல இல்ல, பொலிசுக்குச் சொல்லாத... வருது... என்கூடத்தான் வருது. (வைக்கிறான்.)

பாஸ்: தாம்பாளம்?

மணி: அது இன்னும் தெரியாது. அண்ணே, ரோட்டுல இருந்து லயத்து வீட்டுக்கு 150 படி. வண்டி போகாது. அம்மிய நான்தான் தூக்கணும். அதுக்கு எத்தன மில்லிண்ணே?

பாஸ்: (சுண்ணக்கட்டியை எடுத்து) நீ 65, அம்மியும் கொழவியும் 40, ஒசரம் 24 மீற்றர்... ஒரு வாய் ரொட்டி, அவ்வளவுதான்.

மணி: ரொட்டி கெடைக்காதுண்ணே.

பாஸ்: ஏன்?

மணி: சம்பல் அரைக்கணும்ல. அது டிக்கியில கெடக்கு.